மருத்துவக் கருவித் தொழிலும் வணிகர் பங்கும்

மருத்துவக் கருவி என்றதும் நம் வணிகப் பெருமக்களில் பலருக்கு ஸ்கேன் இயந்திரமும் பெரிய ஆஸ்பத்திரியும்தான் நினைவுக்கு வரும். கோடிக் கணக்கில் முதல் போடுகிறவர்கள் பார்க்க வேண்டிய தொழில், நமக்கு அதில் என்ன வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் பஞ்சு ரோலும் ஊசியும்கூட மருத்துவக் கருவிகளே. அவற்றில் சில நம் கடைகளில் சீயக்காய்ப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன. தென் கோடியில் இத்தொழில் எப்படி வேரூன்றியது, அது மேலும் வளர்வதில் வாங்கி விற்கும் நமக்கு என்ன பங்கு என்பதை இவ்விதழில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் மதுரை. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-ல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நாளில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். வயலில் வேலை செய்கிறவர் அந்தக் கண்ணாடியை உடைத்துவிட்டால் மறுபடியும் திண்ணையில்தான் உட்கார வேண்டும். கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை வைத்துத் தைக்கும் முறை வந்தது; ஆனால் வில்லை வெளிநாட்டுச் சரக்கு. ஒன்றின் விலை 100 டாலருக்கு மேல். இலவச முகாமில் அறுவை செய்துகொள்ள வந்தவருக்கு அதை எப்படிக் கொடுப்பது?

ஆகவே 1992-ல் மதுரையிலேயே வில்லை செய்ய ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. தொழில் நுட்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்பவரும் உதவிக்கு நின்றார்கள். சுமார் 10 டாலருக்கு வில்லை கிடைத்தது. பிறகு சாதாரண வகை அதற்கும் கீழே இறங்கியது. இன்று சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கும் அந்த ஆலையிலிருந்து 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சரக்கு போகிறது. வில்லையோடு தையல் நூலும் கண் சொட்டு மருந்தும் செய்கிறார்கள்.

விலை இறங்கிய கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஆலை திறந்த நாளிலேயே வாங்க ஆள் இருந்தது. வாங்குகிறவருக்குச் சரக்கும் தெரிந்திருந்தது. ஆண்டுதோறும் ஆயிரக் கணக்கில் அறுவை நடக்கும் ஆஸ்பத்திரி, உள்ளூரிலேயே இருக்கிறது. வில்லையில் குறை இருந்தால் அறுவை செய்த மருத்துவரே அதைச் சொல்லிவிடுவார். விற்குமா விற்காதா என்ற பயமின்றி தரத்தில் மட்டும் கவனம் வைக்க முடிந்தது. எந்தச் சரக்குக்கும் இது பொருந்தும் என்பது மண்டியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாததல்ல.

திருவனந்தபுரத்தில் நடந்ததும் இதற்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி போன்றது. அங்குள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சிக் கூடமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே இருதய வால்வு செய்ய முயன்றார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. நான்காவதுதான் நின்றது. ஆடுகளில் வைத்துச் சோதித்த பிறகு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். 1995 முதல் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. மூன்று முறை தோற்ற சரக்குக்கு நான்காவது முறையும் பணம் போட நம்மில் எத்தனை பேர் துணிவோம்? அதே நிறுவனத்தின் நுட்பத்தை வாங்கித்தான், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்த சி. பாலகோபால் என்பவர் இரத்தப் பை செய்யும் ஆலையைத் தொடங்கினார். 1999-ல் ஜப்பானிய டெருமோ நிறுவனம் அதில் கூட்டுச் சேர்ந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. தறிச் சத்தம் கேட்காத தெரு அங்கே குறைவு. இழை நெருக்கமில்லாமல் நெய்து, கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக வேகவைத்து, வெளுத்து, காயவைத்து, சுருட்டுகிறார்கள். பார்க்க எளிய சரக்கு. ஆனால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. இழை குறைந்தால் துணி சல்லடையாகிவிடும், காயத்தில் நூல் பிரிந்து ஒட்டும்.

இங்கே நம் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைப்படத் தக்கது அல்ல. நம் மொத்தக் கடை மளிகைதான் என்றாலும், கிராமத்துக் கடைகள் கேட்கின்றன என்று பஞ்சும் பேண்டேஜும் சேர்த்து அனுப்பி வந்தோம். 2011 வாக்கில் அந்தப் பக்கத்து உற்பத்தியாளர் ஒருவரிடம் கொள்முதல். எட்டுத் தறி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் ரோலுக்கு 25 பைசா, 50 பைசா என்று குறைக்கச் சொன்னோம். வியாபாரத்தில் பேரம் பேசாமல் முடியுமா? அதோடு விட்டிருக்கலாம். 30 நாள் தவணை என்று பேசிவிட்டு 90 நாள், 100 நாள் இழுத்தோம். அவரோ நூலை ரொக்கத்துக்கு வாங்குகிறவர். எப்படிச் சமாளிக்கிறார் என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் பணம் கொடுக்க வேண்டியிருக்கும் அல்லவா.

ஒரு நாள் ஒரு கிராமத்துக் கடைக்காரர் இரண்டு கட்டுப் பேண்டேஜைத் திருப்பி அனுப்பினார். துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா "இதைக் கட்டினால் மருந்து வெளியே வழிகிறது" என்று சொல்லிவிட்டாராம். இழை எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். முன்பு வந்த சரக்கைவிட இழை தெளிவாகக் குறைந்திருந்தது. உடனே போனில் பிடித்துச் சத்தம் போட்டோம். அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, நீங்க விலையில குறைச்சீங்க, நான் இழையில குறைச்சேன். நூறு நாளுக்கு வட்டியை எந்தக் கணக்குல எழுத?" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. இரண்டு வருடத்தில் தறிகளைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு வேறொருவர் தறிக் கூடத்தில் மேஸ்திரி வேலைக்குப் போனார். நாம் மட்டும் காரணம் என்று சொல்வதற்கில்லை. நூல் விலை ஏற்றமும் சேர்ந்தது. ஆனால் நம் பாக்கியும் அதில் ஒரு பங்கு.

அவர் சட்டத்தின் வழியில் போயிருந்தால் மாட்டியிருப்பவர் நாம்தான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். உற்பத்தியாளர் மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் மனுக் கொடுத்தால் போதும். வாங்குகிறவர் பெரிய கம்பெனியாக இருந்தால்தான் இது பொருந்தும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. மளிகை மொத்தக் கடைக்கும் பொருந்தும்.

விதிகள் பக்கமும் ஒரு பார்வை. மருத்துவக் கருவி விதிகள் 2017-ல் வெளியாகி 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பு. பஞ்சு, பேண்டேஜ் போன்றவை ஏ. ஊசி பி. இருதய வால்வு டி. மருந்து விற்பனை உரிமம் இல்லாதவர்கள் கருவிகளை இருப்பு வைத்து விற்க எம்.டி. 42 என்ற பதிவுச் சான்றிதழ் பெறும் முறை 2022-ல் வந்தது. தகுதியுள்ள ஓர் ஆள், போதிய இடம், கொள்முதல் விற்பனைப் பதிவேடு ஆகியவற்றைக் கேட்பார்கள். இச்சரக்குகளை மொத்தமாக எடுக்க நினைப்பவர்கள் முன்னதாக மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. பேண்டேஜ், காஸ் துணிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

இதையெல்லாம் பாராமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2020-ஐத் தாண்டி உதாரணம் வேண்டாம். முகக்கவசம் விற்காத மளிகைக் கடை உண்டா? அவ்வாண்டு மார்ச்சில் இரண்டு அடுக்குக்கு 8 ரூபாய், மூன்று அடுக்குக்கு 10 ரூபாய் என்று மத்திய அரசு உச்ச விலை வைத்தது. தையல் மெஷின் இருந்தவரெல்லாம் உற்பத்தியாளர் ஆனார். மூன்று அடுக்கு என்று எழுதிய பெட்டியில் இரண்டு அடுக்கு வந்தது; நாமும் பிரித்துப் பார்க்காமல் விற்றோம். ஒழுங்காகச் சோதனைச் சான்று வாங்கிச் செய்தவரின் சரக்கு, விலை கூடுதல் என்று அதே மேசையில் தேங்கியது.

அரசும் சும்மா இருக்கவில்லை. சென்னை தரமணியில் டைசல் உயிரித் தொழில் நுட்பப் பூங்கா இருக்கிறது. 2020-ல் அறிவித்த மத்தியத் திட்டத்தில் நாட்டில் நான்கு மாநிலங்களுக்கு மருத்துவக் கருவிப் பூங்கா ஒதுக்கப்பட்டது. அதில் நமக்கு ஒரகடம். பூங்கா ஒன்றுக்கு 100 கோடி ரூபாய் வரை உதவி. பணத்தின் நோக்கம் பொதுவான சோதனைக் கூடம் போன்ற வசதிகள். அதுவே சரியான செலவு என்பது நம் அபிப்பிராயம். எட்டுத் தறிக்காரர் தனியாகச் சோதனைக் கூடம் கட்ட முடியாது. ஆனால் சோதனையில் தேறிய துணியை உரிய விலைக்கு எடுத்து, உரிய நாளில் பணம் கொடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையை எந்தப் பூங்காவும் செய்து தராது.

உறிஞ்சும் பஞ்சு தண்ணீரில் போட்ட 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது இந்திய மருந்துத் தர நூலின் அளவு. கூடத்தில் கம்பிக் கூடையில் வைத்துச் சோதிப்பார்கள். நாம் கடை மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வரவிலும் ஒரு ரோலைப் பிரித்துச் சிறிது கிள்ளிப் போடுகிறோம். மிதந்தால் மூட்டையைப் பிரிப்பதில்லை, அப்படியே திரும்புகிறது. மூழ்கினால் பில்லில் தேதி போட்டுத் தனிக் கம்பியில் குத்துகிறோம். அந்தக் கம்பியில் உள்ள பில்லுக்கு முப்பதாம் நாள் செக் போகிறது.