நந்தா விளக்கும் ஏரி நீரும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருவகை மனிதரைக் காணலாம். ஒருவர் அண்டா நிறையச் சோறாக்கி, வருவோரை அழைத்து அழைத்துப் படைக்கிறார். பத்தடி தள்ளி மற்றொருவர், கூட்டம் பெருகப் பெருகப் பொருளின் விலையை ஏற்றிக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு. பகலில் கடையில் காசு எண்ணிய கையே இரவில் அன்னம் பரிமாறும்.

மனிதன் இயல்பிலேயே தன்னலம் மிக்கவனா, பிறர்க்கு ஈபவனா? பொருளியல் முறை ஒவ்வொன்றும் இவ்வினாவிற்கு ஏதேனும் ஒரு விடையை அடித்தளமாகக் கொண்டுள்ளது. ஆதம் சுமித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூல், அவரவர் தம் நலம் நாடுவதனாலேயே சந்தையில் அனைவர் தேவையும் நிறைவேறுகிறது என்று விளக்கியது. அவரே 1759இல் எழுதிய அறவியல் நூலில், பிறர் துயரில் பங்குகொள்ளும் பண்பை மனிதனின் அடிப்படை உணர்வாகக் கூறினார் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. கார்ல் மார்க்சோ, மனித இயல்பு என்றும் மாறாத ஒன்றன்று என்றும், அது சமூக உறவுகளால் உருவாவது என்றும் கருதினார். உடைமை முறை மாறினால் மனிதனும் மாறுவான் என்பது அவர்வழி வந்தோரின் நம்பிக்கை.

அந்நம்பிக்கை சீனாவில் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. கூட்டுப்பண்ணை முறையில் உழைப்பவருக்கும் உழைக்காதவருக்கும் பங்கு ஏறத்தாழ ஒன்றே என்றானபோது வயலில் ஊக்கம் குன்றியது. 1978ஆம் ஆண்டின் இறுதியில் அன்ஹுய் மாநிலத்தின் சியாவ்காங் சிற்றூரில் 18 குடும்பத்தார், நிலத்தைப் பிரித்துப் பயிரிட்டு, அரசுக்குரிய பங்கு போக எஞ்சியதைத் தாமே கொள்வதென இரகசியமாக ஒப்பந்தம் செய்துகொண்டனர். அடுத்த ஆண்டே விளைச்சல் பெருகியது. நிலமும் உழவரும் அவையே. பங்கிடும் முறை மட்டுமே மாறியிருந்தது.

சாவா மூவாப் பேராடு

சோழர்காலத் தமிழகம் இவ்வினாவை எதிர்கொண்ட விதம் எண்ணத்தக்கது. திருக்கோயில்களில் இரவும் பகலும் அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளைக் கொடையாக அளிப்பது வழக்கம். கோயில் அவற்றை மன்றாடிகள் எனப்பட்ட இடையரிடம் ஒப்படைக்கும். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு இறந்தாலும் முதிர்ந்தாலும் அதன் இடத்தைக் குட்டிகளால் நிரப்பி, எண்ணிக்கை குறையாது காக்க வேண்டும். இதனாலேயே கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றன.

நெய் அளந்தது போக மந்தையின் எஞ்சிய பயன் இடையருக்கே உரியது. கொடுத்தவர் நாடியது புண்ணியமும் கல்லில் நிலைக்கும் பெயரும். வளர்த்தவர் நாடியது பிழைப்பு. இடையருக்காக அவர்தம் உறவினர் பிணைநின்ற செய்தியையும் தஞ்சைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். ஈகை, ஆதாயம், கண்காணிப்பு ஆகிய மூன்றையும் ஒரே திரியில் முறுக்கிய ஏற்பாடு இது. மனிதன் நல்லவன் என்று முழுதாக நம்பவுமில்லை; தீயவன் என்று ஒதுக்கவுமில்லை. ஆயினும் இதனைப் பொற்காலமாக எண்ணிவிடல் ஆகாது. எவர் நெய் அளப்பது, எவர் பெயர் கல்லில் பொறிக்கப்படுவது என்பதைப் பெரும்பாலும் பிறப்பே முடிவு செய்த காலம் அது.

ஏரியும் கிணறும்

பொதுமேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் ஆதாயத்திற்காக மேலும் ஓர் ஆட்டை விடுவர்; முடிவில் நிலமே அழியும் என்றார் கேரட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் (1968). எலினோர் ஆஸ்ட்ரம் இதனை மறுத்தார். பயன்படுத்துவோரே விதி வகுத்து, தம்முள் ஒருவரையொருவர் கண்காணித்துப் பொதுவளத்தை நெடுங்காலம் காத்த ஊர்களைப் பல நாடுகளிலிருந்து எடுத்துக்காட்டினார். பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவரே (2009).

பேராறுகளின் துணை குறைந்த திருவண்ணாமலை வட்டாரத்தில் உழவைத் தாங்கியவை ஏரிகள். மதகைத் திறந்து முறைவைத்து நீர்விடும் பொறுப்பு நீர்க்கட்டியுடையது. அவருக்குக் கூலியாக அறுவடையில் நெல் அளந்தனர். வரத்துக்கால் தூர்ந்தால் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். வராதவர் பெயர் ஊருக்கே தெரியும். அதனினும் கடுமையான தண்டம் வேறு வேண்டியிருக்கவில்லை.

பின்னர் மின்இறைப்பான்கள் பெருகின. 1990இல் தமிழக உழவர் அனைவர்க்கும் வேளாண் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. வானம் பார்த்த நிலத்திற்கு அது பெரும் ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தம் கிணற்றில் நீருள்ளவருக்கு மதகைப் பற்றிய கவலை குறைந்தது. ஏரியில் நீர் நின்றால்தான் கிணறு ஊறும் என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும் வரத்துக்காலைத் தூர்வாரத் தாம் ஒருவர் மட்டும் ஏன் மண்வெட்டி எடுக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. பக்கத்து வயல்காரர் ஆழப்படுத்தினால் இவரும் ஆழ்துளை இட வேண்டியதாயிற்று. குடிமராமத்துக்குத் தவறாமல் ஆள் அனுப்பியவரின் மகன்தான் இவர். அன்னதானத்திற்கு இன்றும் அரிசி மூட்டை அனுப்புபவரும் இவரே.