எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

உயிரித் தொழில்நுட்பத்தில் எந்த நாடு முந்தி நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் காப்புரிமைப் பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவர். எண்ணுவதற்கு அது எளிது. நாடு, ஆண்டு, துறை என்று முன்பே வகைப்படுத்தப்பட்டும் இருக்கிறது. பட்டியலில் மேலே உள்ள நாடே புத்தாக்கத்தில் சிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, ஒரே ஒரு கண்டுபிடிப்பைப் பின்தொடர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

எதை உயிரித் தொழில்நுட்பம் என்பது என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2005-இல் வெளியிட்ட புள்ளியியல் வழிகாட்டியில் ஒரு பொது வரையறை உண்டு. உயிரிகளிலும் அவற்றின் பகுதிகளிலும் அறிவியலைக் கையாண்டு அறிவு, பொருள், சேவை ஆகியவற்றை உண்டாக்குவது என்பது அதன் சாரம். இதை அப்படியே கொண்டால் நம் வீட்டுத் தோசை மாவு புளிப்பதும் கணக்கில் சேர்ந்துவிடும்! ஆகவேதான் மரபணுப் பொறியியல், உயிரணு வளர்ப்பு போன்ற நுட்பங்களின் பட்டியல் ஒன்றையும் அவ்வமைப்பு உடன் இணைத்துள்ளது.

இனி நம் கண்டுபிடிப்புக்கு வருவோம். நோய்க்கிருமி உடலில் புகுந்தால் அதை எதிர்க்கும் எதிர்ப்பொருளைச் சில வெள்ளணுக்கள் சுரக்கின்றன. அவற்றை உடலுக்கு வெளியே வளர்த்தால் சில நாட்களில் மடிந்துவிடும். புற்றுநோய் உயிரணுக்களோ மடியாமல் பெருகிக்கொண்டே இருக்கும். இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தால் என்ன? கேம்பிரிட்ஜ் நகரில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சீசர் மில்ஸ்டீன், ஜார்ஜ் கோலர் என்ற இருவர் இதைச் செய்து காட்டினர். ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது சுரக்கும் கலப்பு உயிரணு பிறந்தது. 1975 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் மூன்றே பக்கங்களில் செய்தி வெளிவந்தது.

ஆய்வுக் கட்டுரையை அளவுகோலாகக் கொண்டால் இது பிரிட்டனுடையது. ஆய்வாளரின் பிறப்பைக் கொண்டால் மில்ஸ்டீன் அர்ஜென்டினாவில் பிறந்தவர், கோலர் ஜெர்மானியர். காப்புரிமையைக் கொண்டாலோ இது பிரிட்டனின் கணக்கில் வரவே வராது. கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்றுத் தரும் பொறுப்பிலிருந்த பிரிட்டனின் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்துக்குச் செய்தி சொல்லப்பட்டிருந்தும், உடனடிப் பயன் எதுவும் தெரியவில்லை என்று அது விட்டுவிட்டது. கட்டுரை அச்சேறிவிட்டதால் அந்நாட்டுச் சட்டப்படி பிறகு உரிமை கோரவும் வழியில்லை. மில்ஸ்டீனின் ஆய்வகம் அனுப்பிய உயிரணுக்களைக் கொண்டு பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தினர் புற்றுக்கட்டிகளுக்கும் வைரசுகளுக்கும் எதிரான எதிர்ப்பொருள்களை உண்டாக்கினர். 1979-இலும் 1980-இலும் அமெரிக்கக் காப்புரிமைகள் அவர்களுக்குக் கிடைத்தன. 1984-இல் நோபல் பரிசு மில்ஸ்டீனுக்கும் கோலருக்கும், நோயெதிர்ப்புக் கோட்பாடுகளை வகுத்த டென்மார்க் அறிஞர் நீல்ஸ் ஜெர்னேவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. இம்முறையில் பிறந்த முதல் மருந்து, சிறுநீரக மாற்று சிகிச்சைக்கான ஓ.கே.டி.3, 1986-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஆக, கண்டுபிடிப்பு ஒன்று. அது ஏறும் கணக்கோ அளவுகோலுக்கு அளவுகோல் மாறுகிறது. காப்புரிமைப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு 1975-இல் கேம்பிரிட்ஜில் எதுவுமே நடக்கவில்லை! பிரிட்டனுக்கு இது ஆறாத வருத்தமாயிற்று. இத்தகைய ஆய்வுகளைத் தொழிலாக்கவே 1980-இல் செல்டெக் என்ற நிறுவனம் அங்குத் தொடங்கப்பட்டது.

அதே 1980-இல் அமெரிக்காவிலும் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. இந்தியாவில் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய, எண்ணெய்க் கசிவைச் சிதைக்கும் பாக்டீரியத்துக்குக் காப்புரிமை தரலாம் என்று உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அரசுப் பணத்தில் செய்த ஆய்வுக்குப் பல்கலைக்கழகங்களே உரிமை பெறலாம் என்ற பே-டோல் சட்டமும் அவ்வாண்டு டிசம்பரில் வந்தது. அதன்பின் பல்கலைக்கழகக் காப்புரிமைகள் பெருகின. அந்தப் பெருக்கத்தில் அறிவு வளர்ந்தது எவ்வளவு, சட்டம் வளர்த்தது எவ்வளவு என்று எண்ணிக்கையைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது.

நம் நாட்டின் நிலை இதற்கு நேர் எதிரானது. 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. பொருளுக்கான உரிமை 2005 ஜனவரி முதல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே 1990-களின் இந்திய எண்ணிக்கையை அமெரிக்க எண்ணிக்கையோடு ஒப்பிடுவது, மரக்காலால் அளந்த நெல்லையும் படியால் அளந்த நெல்லையும் எண்ணிக்கை மட்டும் பார்த்து ஒப்பிடுவது போன்றது. மக்கள்தொகையால் வகுத்துக் காட்டும் பட்டியல்களும் உண்டு. அவற்றில் டென்மார்க் போன்ற சிறு நாடுகள் எளிதில் உயர்ந்துவிடும்.

அப்படியானால் அளக்கவே வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். ஆராய்ச்சிக்கு எங்கே பணம் ஒதுக்குவது என்பதை அரசுகள் இத்தகைய கணக்குகளைப் பார்த்தே முடிவு செய்யும்போது, வேண்டாம் என்று சொல்ல முடியாது. எனக்குத் தோன்றும் ஓர் அளவுகோல் உண்டு. ஒரு நாட்டில் பிறந்த நுட்பத்தை மற்றொரு நாடு தன் கையால் செய்ய எத்தனை ஆண்டுகள் பிடித்தன, பிறகு அது மக்களைச் சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பார்க்கலாம்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி நோய்க்கு, ஈஸ்டில் மரபணுவைப் புகுத்திச் செய்த தடுப்பூசி அமெரிக்காவில் 1986-இல் ஒப்புதல் பெற்றது. கியூபா 1990-களின் தொடக்கத்திலேயே சொந்தமாகச் செய்து, பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிவிட்டது. காப்புரிமைப் பட்டியலின் முன்வரிசையில் கியூபாவைத் தேடிப் பயனில்லை. ஆனால் இந்த அளவுகோலில் அது நம்மை முந்திவிட்டது. இந்தியாவில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் இத்தடுப்பூசியை வெளியிட்டது. இறக்குமதி ஊசியைவிட அதன் விலை மிகக் குறைவு. எனினும் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுவதும் சேர 2011 ஆயிற்று. செய்து முடிக்கப் பதினோர் ஆண்டுகள். செய்தபின் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று திட்டமிட மேலும் பதினான்கு ஆண்டுகள். இந்த இரண்டாவது இடைவெளி எனக்கு முதலாவதைவிடப் பெரிதாகப் படுகிறது. அதை ஆய்வுக்கூடத்தின் குறை என்று சொல்வதற்கும் இல்லை.