20 லிட்டர் பெட்டியும் ரெண்டு மாவு டிரம்மும்

போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டு செகண்ட் ஹேண்ட் ஆல்டோவுல ஒரு சப்வூஃபர் போட்டேன். ஹாஸ்டல்ல இதைச் சொன்னதிலிருந்து "எவ்வளவு செலவாச்சு, எந்த பிராண்டு" என்று மட்டும்தான் எல்லாரும் கேக்குறீங்க. பெட்டியின் உள் அளவு எத்தனை லிட்டர் என்று ஒருத்தர்கூட கேக்கல. சின்ன காரில் பாஸ் நல்லா வருமா வராதா என்பதில் பெரும்பங்கு அந்த ஒரு எண்ணுக்குத்தான். அதனால இந்த இதழில் அதைப் பத்தியே எழுதுறேன். ஃப்யூஸ் கதையும் இருக்கு. அதை மட்டும் தயவுசெய்து ஸ்கிப் பண்ணாதீங்க.

முதல்ல நிலைமையைச் சொல்லிடுறேன். அம்மா இட்லி மாவு வியாபாரம் பண்றாங்க. காலையில 5 மணிக்கு ரெண்டு பெரிய டிரம் டிக்கியில் ஏறி நாலு கடைக்குப் போகணும். "பாட்டு கேக்குறதுக்காக மாவை மடியிலயா வெச்சிட்டுப் போறது?" என்று அம்மா ஆரம்பத்திலேயே சொல்லிட்டாங்க. ஆக டிரம் ரெண்டும் நின்றதுபோக மிச்சமுள்ள இடம்தான் எனக்கு. பின் சீட்டை ஒட்டி 60 செ.மீ. நீளம், 32 செ.மீ. உயரம். சீட் பின்பக்கமா சாய்ந்திருப்பதால் ஆழம் கீழே 20, மேலே 14.

சாய்வைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது ஒரு சரிவகம்தான். ரெண்டு ஆழத்தையும் கூட்டி ரெண்டால் வகுத்தால் சராசரி 17. 60 × 32 × 17 என்றால் 32,640 கன செ.மீ., அதாவது 32 லிட்டர் சொச்சம். 30 லிட்டர் தாண்டிடுச்சேன்னு சந்தோஷமா பலகை வாங்கப் போயிட்டேன்.

தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சீங்களா? நான் போட்டது வெளி அளவு. காற்று இருக்கப்போவது உள்ளே. 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் ரெண்டு பலகைக்கு 3.6 செ.மீ. போகும். 56.4 × 28.4 × 13.4 போட்டுப் பாருங்க, 21.5 லிட்டர்தான். ஸ்பீக்கரின் காந்தமும் கூடும் உள்ளே அடைக்கும் இடம் ஒன்றரை லிட்டர். கையில் நின்றது 20. பெரிய பெட்டியில் பலகை தின்னும் பங்கு பெரிதாகத் தெரியாது, சின்னப் பெட்டியில் மூணில் ஒரு பங்கை அதுவே தின்னுடும்.

சரி, 30 போய் 20 ஆனால் என்ன குடி முழுகிடும்? இங்கேதான் நம்ம வைப்ரேஷன் பாடம் வருது. ஸ்பீக்கரின் கூம்பு ஒரு நிறை, அதைத் தாங்கும் ஓரம் ஒரு ஸ்பிரிங். அதுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. மூடிய பெட்டியில் போட்டதும் உள்ளே அடைபட்ட காற்று இன்னொரு ஸ்பிரிங் ஆகிடுது. பெட்டி சின்னதானால் அந்த ஸ்பிரிங் விறைப்பாகும், அதிர்வெண் மேலே ஏறும், ஆழமான பாஸ் குறையும். காற்றையே ஸ்பிரிங்காக நம்பி சின்னப் பெட்டி செய்யலாம் என்று 1954இல் ஸ்பீக்கர் செய்து காட்டியவர் அமெரிக்கரான எட்கர் வில்சூர். இந்த நடத்தையை எல்லாம் ஒரு சில எண்களில் அடக்கியவர்கள் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். தீலின் கட்டுரை 1961, ஸ்மாலின் கட்டுரைகள் எழுபதுகளின் தொடக்கம். சப்வூஃபர் அட்டைப்பெட்டிக்குள் ஒரு தாள் வருமே, அதில் இருக்கும் எண்கள் இவர்கள் ரெண்டு பேர் பெயரில்தான் இருக்கு. அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

தாளில் மூணு எண் போதும். எஃப்எஸ் என்பது ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண். க்யூடிஎஸ் என்பது அது எவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை நிறுத்தும் என்பதன் அளவு. விஏஎஸ் என்பது ஸ்பீக்கரின் சொந்த ஸ்பிரிங்குக்குச் சமமான விறைப்பு எத்தனை லிட்டர் காற்றுக்கு இருக்கும் என்பது. என் 10 இன்ச் சப்வூஃபருக்கு 32 ஹெர்ட்ஸ், 0.5, 30 லிட்டர். விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்க. வரும் எண்ணால் முதல் ரெண்டையும் பெருக்கினால் பெட்டிக்குள் போனபின் கிடைக்கும் மதிப்புகள் வந்துடும்.

பெட்டி 30 லிட்டராக இருந்திருந்தால் பெருக்கும் எண் 1.41. அதிர்வெண் 45, க்யூ 0.707. மேடு பள்ளம் இல்லாத, புத்தகத்தில் போடும் பதில். 20 லிட்டரில் 1.58, அதாவது 51 ஹெர்ட்ஸ், க்யூ 0.79. இன்னும் கஞ்சத்தனம் பண்ணி 10 லிட்டரில் அடைத்தால் 64 ஹெர்ட்ஸ், க்யூ 1.0. அந்த நிலையில் ஒரே சுருதியில் "தும் தும்" என்று அடிக்கும், பாஸ் கிடாரும் டிரம்மும் ஒண்ணாவே கேக்கும். ரோட்டில் நம்மைத் தாண்டிப் போகும் பல கார்களில் கேட்பது அதுதான். (அது பிடிக்கும்னு சொல்றவங்களோட எனக்குச் சண்டை இல்லை.)

ஆக எனக்கு 20 லிட்டரில் மோசமில்லை. அதையும் கொஞ்சம் ஏமாத்தலாம், தலையணைப் பஞ்சை வைத்து. ஒலி அழுத்தம் வேகமாக மாறுவதால் பெட்டிக்குள் காற்று சூடாகி, குளிர்ந்து கொண்டே இருக்கும். ரெண்டாம் வருஷம் தெர்மோவில் படித்த அடியபாடிக் நிகழ்வு. பாலியஸ்டர் இழை உள்ளே இருந்தால் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கும், நிகழ்வு ஐசோதெர்மல் பக்கம் நகரும், காற்று ஸ்பிரிங் இளகும். கணக்குப்படி பெட்டி 40 சதவீதம் வரை பெரிதானது போல நடக்கலாம், ஏன்னா காற்றின் காமா 1.4. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிசு. பாதி என்றே வைத்தால் 20 லிட்டர் 24 ஆகிடும். அதிர்வெண் 48, க்யூ 0.75. கால் கிலோ பஞ்சுக்கு இது மோசமா? காந்தத்தின் பின்னால் காற்றோட்டத் துளை இருந்தால் அதை மட்டும் பஞ்சு அடைக்காம பாத்துக்கோங்க.

"போர்ட் வெச்ச பெட்டி போட்டா இன்னும் சத்தம் வருமே" என்று கேப்பீங்க. வரும். 28 லிட்டர் பெட்டி கிடைச்சதுன்னே வைங்க. அதை 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ண 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் சுமார் 60 செ.மீ. நீளம் வேணும். குழாய் என் பெட்டியைவிட நீளம்! அந்தக் குழாயே கிட்டத்தட்ட 5 லிட்டரை அடைச்சுக்கும். இடம் இல்லாதவனுக்கு மூடிய பெட்டிதான் சொந்தம்.

மூடிய பெட்டிக்கு காரே ஒரு கை கொடுக்குது. டேஷ்போர்டு கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை டேப் வைத்துப் பார்த்தேன், சுமார் 2.4 மீட்டர். ஒலியின் வேகம் 343ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 71 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழே உள்ள ஒலி அலையாக ஓட காருக்குள் இடமே இல்லை, மொத்தக் காற்றையும் அழுத்தி விடுகிற பம்பு மாதிரி ஸ்பீக்கர் வேலை செய்யும். கணக்குப்படி ஒவ்வொரு ஆக்டேவ் கீழே இறங்கும்போதும் 12 டெசிபல் கூடும். மூடிய பெட்டி தன் அதிர்வெண்ணுக்குக் கீழே ஆக்டேவுக்கு அதே 12 டெசிபல் குறையும். ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கதவு ரப்பர் கசிவு, மெல்லிய தகடு எல்லாம் சேர்ந்து நிஜத்தில் முழு 12 கிடைக்காது. ஆனாலும் அறையில் வைத்தால் ஏமாற்றும் 20 லிட்டர் பெட்டி காருக்குள் நல்லா பேசுறதுக்குக் காரணம் இதுதான்.

பலகை வெட்டுவது, பசை போடுவது எல்லாம் கார்பெண்டர் அண்ணன் அரை நாளில் முடிச்சிட்டார். ஒவ்வொரு மூலையிலும் சிலிக்கான் பூசச் சொன்னேன், ஊசி முனை அளவு கசிந்தாலும் புஸ் என்று சத்தம் வரும். ஸ்பீக்கர் டிரம்மைப் பார்த்து நிற்பதால் இரும்பு கிரில் கட்டாயம். பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்கினேன். எல்லாம் சேர்ந்து 15 கிலோ. மோதலில் 20 ஜி என்று வைத்தாலும் அந்த நொடியில் அது 300 கிலோ எடை போல முன்னால் பாயும். பின் சீட்டில் உக்காந்திருப்பது யாருன்னு யோசிச்சுக்கோங்க.

இனி வயர். 250 வாட் ஆம்ப், 80 சதவீதத் திறன் என்றால் பேட்டரியிலிருந்து 312 வாட் இழுக்கும். 13.5 வோல்ட்டால் வகுத்தால் 23 ஆம்பியர். பேட்டரி முன்னால், ஆம்ப் பின்னால், வயர் 5 மீட்டர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மி.மீ. வயரைப் போட்டால் 0.8 வோல்ட் வழியிலேயே காணாமப் போகும், பதினெட்டு வாட் கார்ப்பெட்டுக்கு அடியில் சூடாகும். 10 சதுர மி.மீ. செம்பு போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். விலை மலிவா கிடைக்கும் வயர் பல நேரம் செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையா தெரிஞ்சிடும்.

நான் வாங்கின கடையில் "ஆம்ப்லயே ஃப்யூஸ் இருக்கு தம்பி, முன்னால எதுக்கு இன்னொண்ணு" என்றார்கள். நானும் யோசிக்காம தலையாட்டிட்டேன். மூணு நாள் ஓட்டினேன். அப்புறம் தூக்கம் வராத ஒரு ராத்திரி சர்க்யூட்டை நோட்டில் வரைந்தபோதுதான் உறைச்சது. இஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் இடத்தில் தகட்டுத் துளை இருக்கு. அங்கே வயரின் தோல் உரசிக் கிழிந்தால் மின்சாரம் பேட்டரியிலிருந்து நேரா காரின் உடம்புக்குப் போகும், பின்னால் இருக்கும் ஆம்ப் பக்கமே வராது. ஆம்பின் ஃப்யூஸுக்கு விஷயமே தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கிற பேட்டரி, ஷார்ட்டானால் பல நூறு கொடுக்கும். வயர்தான் எரியும் இழை. முன்னால் போடும் ஃப்யூஸ் ஆம்புக்கு இல்லை, வயருக்கு. அதனால் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கணும்.

காலையில அம்மா 5 மணிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எழுந்து பேட்டரி முனையைக் கழற்றி விட்டேன். வெளிச்சம் வந்ததும் பானட்டைத் திறந்து பார்த்தால், துளையின் கூர் விளிம்பில் வயரின் தோல் பாதி ஆழம் வரை அறுந்திருந்தது. மூணே நாள். அந்தத் துளைக்கு ரப்பர் குரோமெட்டும், வயருக்கு மேல் நெளிகுழாயும், பேட்டரி பக்கத்தில் 40 ஆம்பியர் ஃப்யூஸும் மொத்தம் ஒரு பிரியாணி செலவுதான். அம்மாகிட்ட இன்னும் இதைச் சொல்லலை.

கடைசியா ஆம்பின் கெயின். அது வால்யூம் குமிழ் இல்லை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசியில் வைங்க. 250 வாட், 4 ஓம், பெருக்கினால் ஆயிரம், வர்க்கமூலம் 31.6 வோல்ட். அந்த எண் வரும் வரை திருப்பி நிறுத்திடுங்க. லோ பாஸ் ஃபில்டர் 80இல். ஃபேஸ் சுவிட்சை ரெண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, டிரைவர் சீட்டில் பாஸ் எதில் கனமா கேக்குதோ அதில் விடுங்க.

நம்பர் பிளேட் கடகடத்தது, டபுள் சைடு ஃபோம் டேப் ஒட்டினேன். மாவு டிரம் மூடியும் சரியா 48 ஹெர்ட்ஸ் பக்கம் ஆடுது. அதுக்கு அம்மாவே ஒரு வழி பண்ணிட்டாங்க: மாவு ஏறினா பாட்டு கிடையாது.