மின்னஞ்சலில் போன விலைப்பட்டியல் கோணலாகத் தெரிந்தால்...

அக்குறணையிலிருந்து கறுவா, கராம்பு விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள். கொழும்பில் திறந்தவருக்கு இலக்கங்கள் சரியாகத் தெரிகின்றன; பொருட்களின் பெயர்களோ ஆங்கில எழுத்துக் குவியல். அவர் ஊகித்து ஓடர் தந்தால் நட்டம் யாருக்கு?

இது வைரஸ் அல்ல. நம் நாட்டில் பரவலான பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் கொடுக்கிறது. ‘கண்டி’ என்று தட்டினால் கணினி சேமிப்பது எப், இசட், அரைப்புள்ளி, பி என்பவற்றையே. பாமினி இல்லாத கணினி அவற்றை அப்படியே காட்டும். யுனிகோடில் தமிழுக்கென்றே தனிக் குறியெண்கள் உண்டு. அதனால் இந்தக் குழப்பம் வராது.

செய்ய வேண்டியவை:

1. பெறுபவர் தம் கணினியில் பாமினியை நிறுவி, பெயர்கள் உள்ள நிரலுக்கு மட்டும் அதைக் கொடுக்க வேண்டும். விலை நிரலைத் தொடக் கூடாது. பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் ‘இ’ இருப்பதால் 1,250 என்பது 1இ250 என்றாகிவிடும்.

2. அனுப்புபவர் இனி யுனிகோடில் தட்டுவதே நல்லது. பழைய பட்டியலை யுனிகோடுக்கு மாற்றினாலும் இதே ‘இ’ புகுந்துவிடும், விலைகளைச் சரிபாருங்கள்.

3. திருத்தம் தேவைப்படாத பட்டியலைப் பீடிஎப் ஆக்கி, எழுத்துருவையும் அதற்குள் சேர்த்து அனுப்புங்கள்.

4. ‘வின்மெயில் டாட்’ என்றொரு கோப்பு மட்டும் வந்தால், அனுப்பியவரின் அவுட்லுக் ‘ரிச் டெக்ஸ்ட்’ அமைப்பில் இருக்கிறது. எச்டிஎம்எல்லுக்கு மாற்றி மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

எப்படியானாலும், சரக்கை ஏற்றுமுன் பெயர், அளவு, விலை மூன்றையும் தொலைபேசியில் ஒருமுறை வாசித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.