தவணையை மந்த மாதத்தில் வைத்து அளந்து பாருங்கள்



கடைக்கு ஒரு வாகனம் தேவைப்படும்போது நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் வாகனத்தைத்தான் பார்க்கிறார்கள். பிடித்து விட்டால் விலை பேசுகிறார்கள். அதன் பிறகு லீசிங் கம்பனிக்குப் போகிறார்கள். மாதத் தவணை எவ்வளவு என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் மனது வாகனத்தில் ஏறி உட்கார்ந்து விடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இன்றைய பாடம். மஸ்கெலியாவில் வியாபாரம் செய்யும் நானும் இந்த வருடம் வாகனம் மாற்ற வேண்டியிருப்பதால், இதே கணக்கை எனக்காகவும் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

மலையக வியாபாரத்தின் நாடி

எமது பகுதியின் வியாபாரம் கொழும்பு வியாபாரத்தைப் போன்றதல்ல. தோட்டத்தில் சம்பளம் போடும் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் காசு புரளும். மாதக் கடைசியில் கொப்பியில் கடன் எழுதுவதே வேலையாக இருக்கும். பாவா ஆதம் மலை என்று நாம் சொல்லும் சிவனொளிபாத மலையின் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. அக்காலத்தில் நல்லதண்ணி வீதியில் சனம் நிறைந்திருக்கும். அதன் பின் தென்மேல் பருவ மழை வரும், கடையில் கூட்டம் குறையும்.

வியாபாரம் இப்படி ஏறி இறங்கினாலும் தவணை மாறாது. சீசன் மாதத்திலும் மழை மாதத்திலும் அதே தொகைதான். ஆகவே நல்ல மாதத்து வருமானத்தை வைத்துத் தவணையைத் தீர்மானிப்பவர் மழை மாதத்தில் கடைச் சரக்கின் முதலில் கை வைக்கிறார். முதல் குறைந்தால் சரக்கு குறையும், சரக்கு குறைந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். வாகனத்தைக் கம்பனி எடுத்துச் செல்வதற்கு முன்பே கடை போய்விடும்.

இதற்கு மேலாக, எவரும் எதிர்பாராத மாதங்களும் உண்டு. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் கியூ.ஆர். அட்டையில் பெற்றோல் அளந்து தரப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையக வீதிகளைத் துண்டித்தது. ஆறு வருடங்களுக்குள் மூன்று அடி. நான்கு வருடத் தவணைக்குக் கையெழுத்திடுபவர் அக்காலத்தில் இப்படி ஒன்றாவது வரும் என்று எண்ணிக் கொள்வதே புத்திசாலித்தனம்.

கணக்கைப் போடும் முறை

ஒரு பலசரக்குக் கடையை உதாரணமாக எடுப்போம். இலக்கங்கள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் இலக்கங்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலாவது, வாகனம் எவ்வளவு மிச்சப்படுத்தும்? ஹட்டனிலிருந்து சரக்கு ஏற்றவும் தோட்டங்களுக்குக் கொடுக்கவும் இப்போது மாதம் 80,000 ரூபா வாடகை போகிறது. மந்த மாதத்தில் இது 50,000. சொந்த வாகனமானால் மந்த மாத எரிபொருள் 16,000. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சேர்விஸ், டயர் ஆகியவற்றுக்கு மாதாமாதம் ஒதுக்க வேண்டியது 20,000. ஆகவே மந்த மாதத்தில் உண்மையான மிச்சம் 14,000 மட்டுமே.

இரண்டாவது, வீட்டுச் செலவும் மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய காசோலைகளும் போக, மந்த மாதத்தில் கடையில் மிஞ்சுவது எவ்வளவு? 25,000 என்று வைப்போம். இரண்டையும் கூட்டினால் 39,000. இந்தக் கடை தாங்கக்கூடிய தவணையின் எல்லை இதுவே.

மூன்றாவது, இந்தத் தவணைக்கு எவ்வளவு நிதி பெறலாம்? வருடத்துக்கு 10 சதவீதம் என்று ஆரம்பத் தொகையின் மீதே இலாபம் சேர்த்து நான்கு வருடங்களுக்குத் தந்தால், 13 இலட்சத்துக்கு இலாபம் 5 இலட்சத்து 20 ஆயிரம். மொத்தத்தை 48ஆல் பிரித்தால் தவணை ஏறத்தாழ 37,917 ரூபா. ஆகவே 13 இலட்சமே எல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீங்கள் மாதாமாதம் தொகையைத் திருப்பிக் கொண்டே வருகிறீர்கள். ஆனால் இலாபம் முழுத் தொகைக்கும் கடைசி வரை போடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதியின் மீது கணக்கிட்டால் இந்த 10 சதவீதம் உண்மையில் 17½ சதவீதமளவில் நிற்கும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது சதவீதத்தைக் கேட்டு நின்று விடாதீர்கள். ஒரே தொகைக்கு, ஒரே காலத்துக்கு, எல்லாக் கட்டணங்களும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, கையில் உள்ள பணம். பழைய வாகனத்தை விற்றதும் சேமிப்பும் சேர்த்து 12 இலட்சம் என்போம். அதில் மூன்று மாதத் தவணையான ஒரு இலட்சத்து 15 ஆயிரத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். மீதியோடு 13 இலட்சத்தைச் சேர்த்தால், வாங்கக்கூடிய வாகனத்தின் விலை 24 இலட்சத்துக்குள் நிற்கிறது. இப்போதுதான் வாகனம் பார்க்கப் புறப்பட வேண்டும். 30 இலட்ச வாகனம் கண்ணில் பட்டாலும் அது நமக்குரியதல்ல.

நிறுவனம் எவ்வளவு தரத் தயார் என்பது வேறு, நாம் எவ்வளவு தாங்குவோம் என்பது வேறு. வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் வரை நிதி வழங்கலாம் என்பதற்கு மத்திய வங்கி 2025இல் விதித்த உச்ச வரம்பும் நமது கடைக்கு இட்ட அளவல்ல.

பெயரைப் பார்க்காமல் ஒப்பந்தத்தைப் பாருங்கள்

2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் நமது நாட்டில் இஸ்லாமிய முறையிலான கொடுக்கல் வாங்கலுக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி வர்த்தக வங்கியாக ஆரம்பமானது. வழமையான வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தனிப் பிரிவுகளைத் திறந்தன. அல்ஹம்துலில்லாஹ், நல்ல விடயம். ஆனால் அரபுப் பெயர் இருப்பதால் மட்டும் கேள்வி கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம், எழுதியதை விளங்கிக் கொள்ளும் பொறுப்பையும் நமக்கு உணர்த்துகிறது.

முராபஹா என்றால், நிறுவனம் வாகனத்தை முதலில் தான் வாங்கித் தன் பொறுப்பில் எடுத்து, அதன் பின்னரே இலாபம் வைத்து நமக்கு விற்க வேண்டும். விலை முடிந்த பின் கூடக் கூடாது. தவணை விற்பனையில் ரொக்க விலையை விட அதிகம் வைக்கலாம், பிந்திக் கட்டியதற்காகக் கடனைக் கூட்டினால் அது ரிபா என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1990இல் ஜித்தாவில் தீர்மானித்தது.

இஜாரா என்றால், வாகனம் நிறுவனத்துடையது, நாம் வாடகைக்காரர். நமது கவனயீனம் இல்லாமல் வாகனம் அழிந்தால் வாடகை நின்று விட வேண்டும். காப்புறுதியின் பொறுப்பும் உரிமையாளருடையதே. அச்செலவை வாடகைத் தொகையில் கணக்கிட்டுச் சேர்ப்பது வேறு விடயம். வாடகையும் பின்னர் உரிமை மாற்றுவதும் வெவ்வேறு ஒப்பந்தங்களாக இருக்க வேண்டும் என்பதும் அதே அகடமி 2000இல் ரியாதில் எடுத்த முடிவு.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிந்தினால் அறவிடும் பணம் எங்கே போகிறது, தர்மத்துக்கா, கம்பனியின் வருமானத்துக்கா? வாகனம் அழிந்தால் என் பொறுப்பு என்ன? முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? சந்தேகம் இருந்தால் ஒப்பந்தத்தின் பிரதியோடு ஓர் ஆலிமிடம் போங்கள்.

சீட்டுப் பிடித்து முற்பணம் சேர்ப்பதும் நல்ல வழிதான். ஆனால் குலுக்கலில் முறை வைத்து எல்லோருக்கும் ஒரே தொகை கிடைக்கும் சீட்டாக இருக்கட்டும். கழிவு கேட்டு எடுக்கும் ஏலச் சீட்டில் வட்டியின் வாடை உண்டு.

வாகனத்தைத் தெரிவு செய்தல்

மலைக்கு அழகை விட இழுவையும் பிரேக்கும் முக்கியம். சரக்குக்கு டிமோ பட்டா போன்ற சிறிய லொறி போதுமா, வேன் வேண்டுமா என்பதை வழமையாக ஏற்றும் பாரத்தை வைத்து முடிவெடுங்கள். வருடத்தில் இரண்டு முறை வரும் பெரிய லோடுக்காகப் பெரிய வாகனம் வாங்குவதை விட அந்த இரண்டு முறையும் வாடகைக்குப் பிடிப்பது இலாபம். உதிரிப் பாகமும் தெரிந்த மெக்கானிக்கும் ஹட்டனில் இருக்கிறார்களா என்று பாருங்கள். பாவித்த வாகனமானால் பாரத்தோடு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கிளச், பிரேக், அடிப்பகுதித் துரு ஆகியவற்றைக் கராஜில் தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின், சேஸிஸ் இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா, வேறு கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வாகனம் வாங்கினால் விலை ஏறத்தான் செய்யும் என்ற எண்ணத்தையும் விட வேண்டும். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வாகனங்களின் விலை ஏறியது உண்மை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்து விட்டது. வாகனம் தேயும் பொருள், அதை முதலீடாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

கடைசியாக, பிணை. நண்பரின் லீசிங்குக்கு நாம் போட்ட கையெழுத்தும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் வரும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நாளை நீங்கள் பிணை கேட்கும் சகோதரரிடமும் உங்கள் மந்த மாதக் கணக்கைக் காட்டுங்கள். நீங்கள் கட்டத் தவறினால் சுமை விழுவது அவருடைய கடையின் மீதும்தான்.

கொப்பியை எடுத்துச் சென்ற வருடத்தின் மிக மந்தமான மூன்று மாதங்களை இன்றிரவே எழுதிப் பாருங்கள். அந்த இலக்கம் சம்மதித்தால் வாகனம் எடுங்கள். சம்மதிக்காவிட்டால் இன்னும் ஒரு சீசன் பொறுத்து முற்பணத்தைக் கூட்டுங்கள். அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.