நஞ்சு என்னும் அமுது

ஒரு விடுகதையோடு தொடங்குவோம். மனித உடலில் ஓர் உறுப்பு உண்டு. நுரையீரலின் வேலை, சிறுநீரகத்தின் வேலை, குடலின் வேலை, இத்தனையையும் அது ஒன்றே செய்யும். ஏறத்தாழ ஒன்பது மாதமே அதற்கு ஆயுள். வேலை முடிந்த அன்றே தூக்கி எறியப்படும். அதற்கு நன்றி சொல்வார் இல்லை. வைத்த பெயரோ 'நஞ்சு'! ஆம் தோழியரே, நஞ்சுக்கொடியைத்தான் சொல்கிறோம்.

அறிவியல் பாடத்தில் கருப்பதிதலும் நஞ்சுக்கொடியும் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. அந்தப் பக்கம் வரும்போது வகுப்பில் ஒரு சிரிப்பொலியும் கூடவே வரும். சிரிப்பு அடங்கிய பின் எங்களுக்கு எழுந்த கேள்விகள் பல. நூலகத்தில் தேடியும், ஆசிரியையிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம். எங்களை மிகவும் வியக்க வைத்த செய்தி இதுதான்: நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியை உண்டாக்குவது தாயின் உடல் அன்று, கருவே உண்டாக்கிக்கொள்கிறது. இதயம் துடிக்கத் தொடங்கு முன்பே, கையும் காலும் முளைக்கு முன்பே, தன் உணவுக்குத் தானே வழி தேடிவிடுகிறது.

தாயின் சூல்முட்டையும் தந்தையின் விந்தணுவும் கருக்குழலில் ஒன்றாகின்றன. அவ்வாறு உண்டான ஓர் உயிரணு இரண்டாகவும் நான்காகவும் பிளந்துகொண்டே கருப்பையை நோக்கி நகர்கிறது. மூன்று நான்கு நாட்களில் அது முசுக்கட்டைப் பழம் போன்ற சிறு திரளாகிறது. ஐந்தாம் நாள் அளவில் உள்ளே நீர் சேர்ந்து பந்து போலாகிறது. இதைக் கருக்கோளம் என்பர். அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கூரான பென்சிலால் வைத்த புள்ளியை விடச் சிறியது!

இந்த நிலையிலேயே உயிரணுக்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றன. உள்ளே ஒரு புறமாக ஒட்டியிருக்கும் கூட்டத்திலிருந்து குழந்தை வளரும். வெளியே சுவர் போலச் சூழ்ந்திருப்பதற்கு டிரோபோபிளாஸ்ட் என்று பெயர். நாங்கள் இதை 'ஊட்டும் படலம்' என்று தமிழில் சொல்லிக்கொண்டோம். வீடு கட்டுகிறவர் முதலில் கிணறு வெட்டுவதில்லையா? அது போலக் கருவும் முதலில் இந்தப் படலத்தைத்தான் வேலைக்கு அனுப்புகிறது.

ஆறாம் அல்லது ஏழாம் நாள் கருக்கோளம் தன் மேலுறையைக் கழற்றிவிட்டுக் கருப்பையின் உட்சுவரைத் தொடுகிறது. அந்தச் சுவர் எல்லா நாட்களிலும் கருவை ஏற்பதில்லை. மாதச் சுழற்சியில் சில நாட்களே கதவு திறந்திருக்கும். தொட்ட இடத்தில் ஊட்டும் படலத்தின் அணுக்கள் தம் இடைச்சுவர்களை நீக்கி ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே பரப்பாகித் தாயின் திசுவுக்குள் வேர் விடுகின்றன. இவ்வாறு ஒன்று கலக்க உதவும் சின்சிட்டின் என்ற புரதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு, நம் உயிரின மூதாதையரின் மரபில் புகுந்து தங்கிவிட்ட ஒரு வைரஸின் மரபணுவிலிருந்து! இது 2000-ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. ஒரு காலத்தில் நோயாக வந்தது இன்று குழந்தைக்கு உணவூட்டத் துணை நிற்கிறது.

பத்தாம் நாள் அளவில் கரு உட்சுவருக்குள் முழுவதும் புதைந்துவிடும். ஊட்டும் படலத்தில் சிறு சிறு குழிகள் தோன்ற, தாயின் நுண்குழாய்களிலிருந்து அவற்றில் குருதி கசிகிறது. அந்தக் குழிகளுக்குள் விரல்களைப் போன்ற நீட்சிகள் வளர்கின்றன. மூன்றாம் வாரத்தின் முடிவில் அவற்றுள் குழந்தையின் குருதிக் குழாய்கள் உருவாகின்றன. இதற்கிடையே ஊட்டும் படலம் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தாயின் குருதியில் விட்டு, "நான் வந்திருக்கிறேன், மாதவிலக்கு வேண்டாம்" என்று செய்தி அனுப்புகிறது. தாய்க்கே தெரியாதபோது அவள் உடலுக்குத் தெரிந்துவிடுகிறது! மருத்துவமனையில் சிறுநீரைச் சோதித்து நற்செய்தி சொல்வதும் இதே ஹார்மோனைக் கண்டுதான்.

தாயின் குருதி நேராகக் குழந்தையின் உடலில் ஓடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியன்று. தாயின் குருதி அந்த விரல்களை வெளியே நனைக்கிறது. குழந்தையின் குருதி விரல்களுக்குள்ளே ஓடுகிறது. நடுவில் மெல்லிய திரை. பிராணவாயுவும் சர்க்கரையும் உள்ளே செல்ல, கரியமில வாயுவும் கழிவும் வெளியே வருகின்றன. ஆகவேதான் தாய் ஓ பிரிவும் குழந்தை பி பிரிவுமாக இருக்க முடிகிறது. இங்கிலாந்தில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1774-இல் வெளியிட்ட பெரிய படநூல் இரு குருதி ஓட்டங்களும் வெவ்வேறு என்பதைத் தெளிவாக்கிற்று. அவருக்கு முன்னர் லியனார்டோ டாவின்சி 1511 வாக்கில் வரைந்த அழகிய ஓவியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கருப்பையில் இருப்பது மனிதக் குழந்தை, நஞ்சுக்கொடியோ பசுவினுடையது! பசுவின் இளங்கொடியில் பொத்தான்களைப் போலப் பல திரள்கள் தனித்தனியே இருக்கும். மனிதருக்கு ஒரே வட்டத் தட்டு. கன்று ஈன்ற பசுவின் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் ஊர்களிலிருந்து வரும் தோழியருக்கு இது உடனே விளங்கும். பிளசென்டா என்ற லத்தீன் சொல்லுக்கே தட்டையான பணியாரம் என்றுதான் பொருள். எங்களைக் கேட்டால் 'அடை' என்போம்.

இரு குருதிகளும் கலப்பதில்லை என்றாலும் ஒரு சில அணுக்கள் எல்லை தாண்டுவதுண்டு. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு தாயின் குருதியில் ஆண் குழந்தைக்குரிய அணுக்கள் இருந்ததை 1996-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். இதைப் படிக்கும் தாய்மார்கள் சற்றுச் சிந்தித்துப் பார்க்கட்டும்!

இனி, விஞ்ஞானிகளையே திகைக்க வைத்த கேள்வி. குழந்தையின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் எதிர்த்துப் போராடும் உடல், இந்தப் 'பாதி அந்நியனை' ஒன்பது மாதம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? பீட்டர் மெடவார் என்ற ஆங்கிலேய அறிஞர் 1953-இல் இதைக் கேட்டார்; 1960-இல் இவர் நோபல் பரிசு பெற்றார். ஊட்டும் படலம், அந்நியர் என்று காட்டிக்கொடுக்கும் வழக்கமான அடையாளங்களை மறைத்து, வேறு விதமான ஓர் அடையாளத்தைக் காட்டித் தாயின் காவல் அணுக்களைச் சாந்தப்படுத்துகிறது என்பது விடையின் ஒரு பகுதி. மீதி இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. நம்மில் ஒருத்தி நாளை கண்டுபிடிக்கக் கூடாதா?

முதல் பத்து வாரங்கள் அளவும் தாயின் சுருள் தமனிகளை ஊட்டும் படலத்தின் அணுக்களே அடைத்து வைத்திருக்கும். பிஞ்சுக் கருவுக்கு அதிகப் பிராணவாயு ஆகாது. அதுவரை கருப்பைச் சுரப்பிகள் தரும் சத்து நீரே முக்கிய உணவு. பிறகு அடைப்பு நீங்கி, அகன்றுவிட்ட தமனிகளின் வழியே குருதி தாராளமாகப் பாய்கிறது. தமனிகள் சரிவர அகலாத தாய்மாருக்குப் பிற்பாடு இரத்த அழுத்தம் ஏறி, தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேரலாம். அம்மாக்கள் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது வீணன்று.

நஞ்சுக்கொடி நல்ல காவலாளிதான். ஆனால் எல்லாவற்றையும் தடுக்க வல்லதன்று. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் பலரைக் கண்டு, அவர்களின் தாய்மாருக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ரூபெல்லா அம்மை வந்திருந்ததை 1941-இல் எடுத்துக் காட்டினார். மேற்கு ஜெர்மனியில் 1957-இல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரை 1961-இல் நிறுத்தப்படுமுன் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்துவிட்டனர். நாங்கள் சிறு வகுப்பில் இருந்தபோது, 2017-இல், தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது. அழுதுகொண்டே கை நீட்டிய அந்த ஊசி எதற்காக என்று இப்போதுதான் புரிகிறது. வாரந்தோறும் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் கண்டு முகம் சுளிப்போரும் கேளுங்கள்: தாயிடம் இரும்பு குறைவாக இருந்தாலும் நஞ்சுக்கொடி குழந்தைக்காக அதை இழுத்துக்கொள்ளும். நஷ்டம் தாய்க்குத்தான்.

நிறை மாதத்தில் நஞ்சுக்கொடி ஏறத்தாழ அரைக் கிலோ எடையும் 20 சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் கொண்டிருக்கும். அதன் விரல்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு சிறிய அறையின் தரையையே மூடிவிடலாம். குழந்தை பிறந்த பின், வழக்கமாக அரை மணி நேரத்திற்குள், அதுவும் வெளிவருகிறது. ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் தாய்க்குக் கடும் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும். 'நஞ்சு' என்ற பெயர் அந்த அச்சத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். இன்றும் பிரசவ அறையில் செவிலியர் அதைத் தட்டில் விரித்து, ஓரம் முழுவதும் பார்த்து, எதுவும் குறையவில்லை என்று உறுதி செய்த பிறகே அப்புறப்படுத்துகிறார்.