குழியில் விழுந்தால் காப்பீடு கைகொடுக்குமா?

கன்னியாகுமரி மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம். மழை வலுக்கும் நாட்களில், நீர் தேங்கிய சாலையில் குழி எது, சமதளம் எது என்று கண்ணுக்குப் புலப்படாது. மணிக்கட்டு, காறை எலும்பு, கணுக்கால் முறிவுகளுடன் இருசக்கர வாகன ஓட்டிகள் எங்கள் எலும்பு மருத்துவப் பிரிவிற்கு வரும் காலம் அது. "டாக்டர், வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, செலவு கிடைக்குமா?" என்று குடும்பத்தினர் கேட்பர். இதற்கு விடை காண, வாகனக் காப்பீட்டின் மூன்று பகுதிகளை அறிய வேண்டும்.

மூன்றாம் நபர் காப்பீடு: 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இதை மட்டுமே. உங்கள் வாகனத்தால் பிறருக்கு நேரும் பாதிப்பையே இது ஈடுசெய்யும். நீங்களே குழியில் விழுந்தால், உங்கள் காயத்திற்கோ வண்டிக்கோ இதில் எதுவும் கிடைக்காது.

சொந்தச் சேதக் காப்பீடு: குழியில் மோதி ரிம் வளைந்தாலோ விளக்கு உடைந்தாலோ பழுதுபார்ப்புச் செலவைத் தருவது இதுவே. டயர் மட்டும் சேதமடைந்தால் பொதுவாகக் கிடைக்காது. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் அதனுடன் வரும் சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டிற்கே. 'ஐந்து வருடம் இருக்கிறது' என்று நம்பியிருப்போர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

தனிநபர் விபத்துக் காப்பீடு: வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய். மரணத்திற்கும் நிரந்தர முழு ஊனத்திற்கும் முழுத்தொகை. ஒரு கை அல்லது கால் இழப்பிற்குப் பாதித்தொகை. குணமாகிவிடும் முறிவிற்கோ மருத்துவச் செலவிற்கோ இது உதவாது. செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் வேண்டும். தந்தை பெயரிலுள்ள வண்டியை ஓட்டும் மகனுக்கு இப்பாதுகாப்பு இல்லை.

அப்படியாயின் சிகிச்சைச் செலவிற்கு என்ன வழி? தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல், விபத்திற்குப் பிந்தைய 48 மணிநேரச் சிகிச்சைக்கு உதவுகிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். இரண்டுமே பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளுக்கு உரியவை. இந்த மத்தியத் திட்டத்திற்கும் மேற்சொன்ன ஐந்தாண்டு விதிக்கும் வழிவகுத்தது, கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு.

இவை அனைத்தும் ஒரு தாளை நம்பியே நிற்கின்றன: முதல் மணிநேரத்தில் நாங்கள் எழுதும் விபத்துப் பதிவேடு. கணுக்கால் முறிந்து வந்த ஒருவரின் குடும்பத்தினர், காவல் நிலையத்திற்கு அஞ்சி, 'வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார்' என்றனர். மூன்று வாரங்களுக்குப் பின் அவருடைய மனைவி வந்து, உண்மையை எழுதித் தருமாறு கண்கலங்கக் கேட்டார். பதிந்ததை மாற்ற எங்களால் இயலாது, மாற்றவும் கூடாது. அக்குடும்பத்திற்கு உரிய உதவி அந்த ஒரு சொல்லால் தவறிப்போயிற்று.

ஆகவே நினைவில் கொள்ளுங்கள்:

• விபத்து நடந்த இடம், நேரம், ஓட்டியவர் யார் என்பதை மருத்துவரிடம் உள்ளபடியே கூறுங்கள்.
• குழியையும் வண்டியையும் உடனிருப்போர் படமெடுத்து வைக்கட்டும்.
• வண்டியைப் பழுதுபார்க்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள்.
• விபத்துப் பதிவேட்டின் நகலையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

இன்றே காப்பீட்டு ஆவணத்தை எடுத்து, மூன்று பகுதிகளும் எந்தெந்தத் தேதியில் முடிகின்றன என்று பாருங்கள். மழையில் நீர் தேங்கிய இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணியட்டும். காப்பீடு பணத்தைத் தரலாம். தலைக்காயம் பறித்ததை எவராலும் திருப்பித் தர இயலாது.